ஓபர்வொல்ஃபாக் கணித ஆய்வு நிலையத்தில் விருந்தினராகத் தங்கிய அனுபவங்கள்

திருச்சியிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் 1944இல் தொடங்கப்பட்ட ஓபர்வொல்ஃபாக் கணித ஆய்வு நிலையத்தின் பயிலரங்குகளுக்கு அழைப்பின் பேரில் மட்டுமே செல்ல முடியும். ஏறத்தாழ 50 பேர் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்து, வார இறுதியில் கிளம்பும்வரை அங்கேயே தங்கி, உண்டு, கணிதம் பேசுகிறார்கள். எனக்கு அழைப்பு வந்தபோது முனைவர் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

தங்குமிடத்தையும் உணவையும் நிலையம் ஏற்றுக்கொண்டது. பயணச் செலவு என்னுடையது. நான் அப்போது பணிபுரிந்த கல்லூரியில் பயண நிதிக்கான கோப்பு மூன்று மாதங்கள் நகரவே இல்லை என்பதால், கடைசியில் கடன் வாங்கித்தான் விமானச் சீட்டு எடுத்தேன். ஆகவே அழைப்பு கைக்கு வந்த வாரமே நிதிக்கு எழுதிவிடுங்கள். ஜெர்மனி செல்லத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு அழைப்புக் கடிதத்தோடு, குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

அங்கே நான் கண்ட விதிகளில் மிக முக்கியமானதாகக் கருதுவது சாப்பாட்டு மேசையைப் பற்றியது. மதியமும் இரவும் நாம் விரும்பிய நாற்காலியில் அமர முடியாது. ஒவ்வொருவர் பெயரும் எழுதிய கைத்துடைப்பு உறைகளைப் பணியாளர்கள் வேளைக்கு வேளை இடம் மாற்றி வைத்துவிடுகிறார்கள். பெயர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இலை போட்டதாகக் கொள்ள வேண்டும். இரண்டாம் நாள் இரவு, எவருடைய கட்டுரைகளை நம்பி என் ஆய்வேட்டையே எழுதினேனோ, அவர் பக்கத்தில் என் பெயர் இருந்தது. நானாக அவரிடம் போய்ப் பேசியிருக்கவே மாட்டேன். என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்க, தயங்கித் தயங்கிச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பகா எண் 2 ஆக இருந்தாலும் உங்கள் துணைத்தேற்றம் நிற்குமா?" என்றார். நிற்கவில்லை. நூலகம் இரவு முழுவதும் திறந்தே இருந்ததால், விடியற்காலை இரண்டு மணிவரை அங்கே அமர்ந்து, அந்த ஒரு நேர்வுக்குத் தனி நிரூபணம் தேவை என்பதைக் கண்டேன். வந்தவர்கள் தமக்குத் தெரிந்தவர்களோடு மட்டும் ஒதுங்கிவிடக் கூடாது என்ற எதிர்பார்ப்பை, ஓர் அறிவிப்புப் பலகைகூட இல்லாமல் அந்த உறைகள் நிறைவேற்றிவிடுகின்றன. நம் ஊர்க் கருத்தரங்குகளிலும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

எல்லாரும் உரையாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்கள் வாரத்தில் யார் எப்போது பேசுவது என்பதை ஒருங்கிணைப்பாளர்கள் அங்கே வைத்தே முடிவுசெய்தார்கள். பேசுபவர் பிறகு தம் உரையின் சாரத்தைச் சற்று விரிவாக எழுதித் தர வேண்டும். புதன்கிழமை மதியம் உரைகள் கிடையாது. காட்டுவழியே சாங்க்ட் ரோமான் என்ற சிற்றூர் வரை நடந்து, கேக் உண்டு திரும்புவது வழக்கம். நல்ல காலணி கொண்டுபோங்கள்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் சென்றது பயிலரங்குக்கு அன்று; இருவரோ சிலரோ சேர்ந்து சில வாரங்கள் தங்கி ஒரே கேள்வியில் உழைப்பதற்கான திட்டத்தின்கீழ். அதில் உரை இல்லை, வருகைப்பதிவும் இல்லை. நானும் என் கூட்டாளியும் பதினைந்து நாள்களில் பதினொன்றைத் தவறான வழியில் செலவிட்டோம். யாரும் கணக்குக் கேட்கவில்லை. கணக்குக் கேட்காததனால்தான், தவறு என்று தெரிந்த அன்றே அதை விட்டுவிடும் துணிவு எங்களுக்கு வந்தது என்று இன்றும் நம்புகிறேன். நாங்கள் எடுத்த பானங்களை நாங்களே குறித்துவைத்து, கிளம்பும்போது பணம் கட்டினோம்.

சைவ உணவு வேண்டுமென்று பதிவின்போதே எழுதியிருந்தேன். சிரமம் ஏதும் இருக்கவில்லை. நிலையத்துக்குச் செல்ல, ஹவுசாக்கில் ரயில் மாறி வோல்ஃபாக்கில் இறங்க வேண்டும். அங்கிருந்து வண்டிக்கு முன்பே சொல்லிவைப்பது நல்லது. ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் அடைத்திருக்கும் என்பதால், வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.