ஜுன்னர் பக்கத்து ஜத்ராவில் இரவுத் தமாஷா: குடும்பத்தோடு போகலாமா?

கேட்டவர்: சாக்கண்வாசி

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல் பக்கத்தைச் சேர்ந்த நான், நான்கு ஆண்டுகளாகப் புணேயை அடுத்த சாக்கணில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். என்னோடு ஒரே ஷிஃப்டில் இருக்கும் மராட்டி நண்பர், ஜுன்னர் தாலுகாவிலுள்ள தம் ஊரின் ஜத்ராவுக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, எங்களை அழைத்திருக்கிறார். பகலில் மாட்டுவண்டிப் பந்தயம், மாலையில் கறி விருந்து, இரவில் சாமி பல்லக்கு உலா, அதன் பிறகு ஆட்டமும் பாட்டும் நாடகமும் கலந்த தமாஷா என்று அடுக்கிக்கொண்டே போனார். என் மனைவியும் வர விரும்புகிறார். ஆனால் அலுவலகத்தில் வேறு சிலர், இரவு ஆட்டம் பெண்களை அழைத்துக்கொண்டு போகிற இடமில்லை என்கிறார்கள். நம் ஊர்த் திருவிழாக்களில் நள்ளிரவில் நடக்கும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளைப் பார்த்திருப்பதால் எனக்கும் தயக்கமாக இருக்கிறது. எத்தனை மணிக்குத் தொடங்கும், பணம் ஏதும் கொடுக்க வேண்டுமா, அரைகுறை மராட்டி தெரிந்தவனுக்கு அதில் ஏதாவது புரியுமா? நேரில் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பிம்ப்ரி பெரியவர்

தாராளமாகப் போகலாம், தம்பி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பக்கத்து ஜத்ராக்களைப் பார்த்து வருகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்பணம் கொடுத்து அழைத்துவரும் தமாஷா வேறு, பெரிய குழுக்கள் கூடாரம் அடித்து டிக்கெட் போட்டு நடத்துவது வேறு. முதல் வகைக்கான செலவை ஊரே வீட்டுக்கு வீடு வசூலித்துக் கொடுக்கும். நம் பக்கத்துத் தலைக்கட்டு வரி போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனவே விருந்தாளியான உங்களிடம் யாரும் பணம் கேட்க மாட்டார்கள். முன்பணத்துக்கு இங்கே ‘சுபாரி’ என்று பெயர். நம் ஊரில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல, இங்கும் சொல்லே பாக்குதான். மராட்டியப் புத்தாண்டான குடி பாட்வாவை ஒட்டி நாராயண்காவில் குழுக்காரர்கள் வரிசையாகக் கூடாரம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பல மாவட்டங்களிலிருந்து ஊர்க்காரர்கள் வந்து பேரம் பேசித் தேதி குறித்துக்கொண்டு போவார்கள். உங்கள் நண்பரின் ஊர் அங்கிருந்து அதிகத் தொலைவு இருக்காது என்பதால், ஒரு நல்ல குழுவே வருவதற்கு வாய்ப்புண்டு.

நேரத்தைப் பொறுத்தவரை, பல்லக்கு உலா முடிந்த பிறகுதான் மேடை விளக்கு எரியும். முன்பெல்லாம் விடிய விடிய நடக்கும். இப்போது ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிக் கட்டுப்பாடு இருப்பதாலும், விலக்கு பெற்ற நாட்களிலும் நள்ளிரவுக்கு மேல் அனுமதி இல்லாததாலும், மூன்று நான்கு மணி நேரத்துக்குள் சுருட்டிவிடுகிறார்கள். குழுக்களுக்கு இதில் பெரிய மனக்குறை. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கொரோனாவால் ஜத்ராக்களே இல்லாமல் போயின. அப்போது பட்ட கடனிலிருந்து பலர் இன்னும் மீளவில்லை.

மனைவியை அழைத்துச் செல்லுங்கள், ஆனால் நண்பரின் வீட்டுப் பெண்களோடு உட்காரச் சொல்லுங்கள். விசிலடிக்கும் கூட்டம் மேடைக்கு நேர் முன்னால்தான் இருக்கும். அந்த இடத்தைத் தவிர்த்தால் போதும்.

மறுமொழி: கீழவாசல்

பெரியவர் ஏற்பாடுகளைச் சொல்லிவிட்டார். நான் ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். தமாஷா என்றால் நடனம் மட்டும்தான் என்று நினைத்துப் போகிறவர்கள், நடனம் முடிந்ததும் எழுந்து வந்துவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது பாதிதான்.

முதலில் டோல்கி, ஹல்கி என்னும் தோல் கருவிகள், துண்துணே என்னும் ஒற்றைத் தந்திக் கருவி ஆகியவற்றின் முழக்கத்தோடு கணபதி வணக்கம். அடுத்தது ‘கவ்ளண்’: மதுராவின் சந்தைக்கு மோர், தயிர் கொண்டுபோகும் ஆய்ச்சியரைக் கிருஷ்ணன் வழிமறித்துச் சுங்கம் கேட்பான். ஆய்ச்சியர்க்குத் தலைவியாக ‘மாவ்ஷி’ என்றொரு கிழவி வருவாள். அந்த வேடத்தை ஓர் ஆண்தான் போடுவார். கிருஷ்ணன் கடவுளா, வழிப்பறிக்காரனா என்று அவள் நடத்தும் வாக்குவாதத்தில் உள்ளூர் அரசியலும் விலைவாசியும் வந்து புகுந்துவிடும். மராட்டி அரைகுறையாகத் தெரிந்தவரும் சிரித்துவிடுகிற இடம் இதுதான். நாம் சொல்லும் ‘தமாஷ்’ கூட இதே சொல்லின் வழிவந்ததுதானே. அதற்குப் பிறகு ஒன்பது கஜப் புடவையும் கிலோக்கணக்கில் எடையுள்ள சலங்கையுமாக லாவணி நடனங்கள். கடைசியில் ‘வக்’ என்னும் நாடகம். அரசர் கதை, கொள்ளைக்காரர் கதை, அண்மைக் காலத்தில் நடந்த கதை என்று எதுவும் இருக்கலாம். நேரக் கட்டுப்பாட்டால் முதலில் வெட்டுப்படுவது இந்த வக்தான்.

தஞ்சாவூர்க்காரன் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. மராட்டியர் ஆட்சியோடு நம் பக்கம் வந்த லாவணி, காமன் பண்டிகையில் மன்மதன் எரிந்தான் என்னும் எரிந்த கட்சி, எரியவில்லை என்னும் எரியாத கட்சி என்று இரு தரப்பார் டேப் என்னும் தோல் கருவியும் துந்தினாவும் வைத்துக்கொண்டு விடிய விடியப் பாட்டாலேயே மோதிக்கொள்ளும் கலையாக மாறியது. அரசியல்வாதிகள் மாறி மாறிக் குற்றம் சாட்டினால் ‘லாவணி பாடுகிறார்கள்’ என்று இன்றும் சொல்கிறோம். அங்கே மேடையில் துண்துணேயைப் பார்க்கும்போது நம் துந்தினா உங்களுக்கு நினைவுக்கு வரும்.

மறுமொழி: சாங்லி செவிலியர்

மேலே இருவரும் சொன்னவை சரி. ஆயினும் ‘ஆபாசமாக இருக்குமா’ என்ற கேள்வியை மேடையைப் பார்த்து மட்டும் கேட்பது எனக்கு உடன்பாடில்லை. லாவணியில் சிருங்காரம் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. கணவன் பட்டணம் போய்த் திரும்பாத பெண்ணின் ஏக்கத்தை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணாலும் விரலாலும் காட்டும் பைட்டகி லாவணியில் தேர்ந்தவரான யமுனாபாய் வாய்க்கருக்கு 2012-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாராயண்காவைச் சேர்ந்த தமாஷாக் கலைஞர் விட்டாபாய் நிறைமாதக் கர்ப்பத்தோடு ஆடிக்கொண்டிருந்தபோது வலி எடுத்து, மேடைக்குப் பின்னால் போய்ப் பிள்ளையைப் பெற்றுவிட்டு, மீண்டும் ஆட வந்தார் என்பதை இங்கே தெரியாதவர் இல்லை. இருமுறை குடியரசுத் தலைவர் கையால் விருது பெற்ற அவர், கடைசிக் காலத்தில் மருத்துவச் செலவுக்கே திண்டாடினார். இன்று அவர் பெயரில் மாநில அரசு ஆண்டுதோறும் விருது வழங்குகிறது.

நான் பார்த்த தொல்லையெல்லாம் கூட்டத்திலிருந்துதான் வந்தது. கைப்பேசியைக் கீழிருந்து தூக்கிப் பிடித்துப் படமெடுத்து, அதைத் தகாத தலைப்போடு இணையத்தில் போடுகிறார்கள். அந்தக் கலைஞர்களின் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். அந்தப் படங்கள் அவர்கள் கைக்கும் போய்ச் சேர்கின்றன. எனவே படமெடுப்பதானால் முன்னதாகக் குழுத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள். பாட்டுக்குப் பணம் கொடுக்க விரும்பினால், மேடை ஓரத்தில் அதை வாங்கி அறிவிக்கும் ஆளிடமே கொடுங்கள். ஆடுபவரின் கையில் கொடுக்க முயல வேண்டாம்.

முடிந்தால் மறுநாள் காலை வரை தங்குங்கள். ‘ஹஜேரி’ என்று பகலிலும் அதே குழு ஆடும், பிற்பகலில் மல்யுத்தம் நடக்கும். உங்கள் மனைவிக்கு அது இன்னும் வசதியாக இருக்கும்.

சாக்கண்வாசி (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

போய் வந்தோம், மூவருக்கும் நன்றி. ஒன்பதரை மணிக்குத் தொடங்கினார்கள். மாவ்ஷியாக வந்தவர் வெங்காய விலையைச் சொல்லிக் கிருஷ்ணனிடம் சுங்கத்தில் தள்ளுபடி கேட்டபோது, மொழி தெரியாத என் மனைவிதான் எனக்கு முன்பாகச் சிரித்தார். முன்வரிசையில் விசிலும் தலைப்பாகை சுழற்றலும் இருந்தன. ஒருவர் மேடையை நெருங்கியபோது டோல்கிக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார், ஊர்க்காரர்களே அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

வக் தொடங்கும்போது பன்னிரண்டாக அரை மணி நேரம்தான் இருந்தது. கொள்ளைக்காரனும் அவன் தங்கையும் முதன்முறையாகச் சந்திக்கிற காட்சியில் காவலர் வந்து கடிகாரத்தைக் காட்ட, அப்படியே திரையை இழுத்துவிட்டார்கள். பிறகு என்ன ஆகும் என்று நண்பரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, சிறு வயதில் விடிய விடிய நடந்த காலத்தில், அந்தக் காட்சிக்கு முன்பே தூங்கிவிடுவாராம்.