முதல் ஆர்கேட் பெட்டி: கட்டியபோது மனதில் தங்கிவிட்ட சம்பவம் ஒன்றைச் சொல்லுங்கள்

மாடியறை

எங்கள் மாடியறையில் ஆர்கேட் பெட்டி, அதாவது கடைகளில் காசு போட்டு ஆடுவோமே அந்த வீடியோ கேம் பெட்டி, வந்து நின்று மூன்று மாதம் ஆகிறது. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை, ராஸ்பெர்ரி பை என்கிற கையடக்கக் கம்ப்யூட்டர், சென்னை ரிச்சி தெருவில் எடுத்த பழைய 19 இஞ்ச் மானிட்டர், இரண்டு பேர் ஆடுகிற மாதிரி ஒரு ஜாய்ஸ்டிக் செட். எல்லோரும் போகிற பாதைதான், விவரிக்க ஒன்றும் இல்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் பாக்மேன் போட்டேன். என் மகளுக்கு ஏழு வயது. முக்காலியில் ஏறி நின்று, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, குச்சியை இரண்டு கையாலும் பிடித்து ஆடினாள். வளைவு வரும்போது மேலே தள்ளுவாள், மஞ்சள் உருண்டை திரும்பாமல் நேராகப் போய்ச் சிவப்புப் பேயிடம் மாட்டும். "நான் மேலதாம்ப்பா தள்ளினேன்" என்றாள். "சரியாத் தள்ளும்மா, அவசரப்படாதே" என்றேன். நான்கு முறை இதையே சொன்னேன். ஐந்தாவது முறை அவள் ஒன்றும் பேசாமல் இறங்கி, முக்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் தூங்கின பிறகு நான் ஆடிப் பார்த்தேன். எனக்கும் அதேதான். பேனலைத் திறந்து, குச்சியை மெதுவாக மேலே தள்ளிக் காதை வைத்துக் கேட்டேன். ஒரு 'டிக்' வரவேண்டிய இடத்தில் இரண்டு 'டிக்'. குச்சிக்கு அடியில் திசைக்கு ஒரு சுவிட்ச் உண்டு, கை இம்மியளவு சாய்ந்தாலும் மேல் சுவிட்சோடு பக்கத்துச் சுவிட்சும் சேர்ந்து அமுங்குகிறது. பாக்மேன் 1980இல் வந்த ஆட்டம். அதற்கு நான்கு திசைதான் தெரியும். நான் போட்டிருந்ததோ எட்டுத் திசைக் குச்சி. குழந்தை சரியாகத்தான் தள்ளியிருக்கிறாள்.

அன்றிலிருந்து அவள் பெட்டிப் பக்கம் வரவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய டிவி மெக்கானிக்

தம்பி, மானிட்டர் என்றதும் படிப்பதை நிறுத்திவிட்டேன். எல்சிடியில் ஆடுவது ஆர்கேட் ஆகாது. அந்த ஆட்டங்களை வரைந்தவர்கள் பழைய டிவியின் கண்ணாடிப் படக்குழாயை மனதில் வைத்து வரைந்தார்கள். புள்ளியும் புள்ளியும் கசிந்து கலந்தால்தான் அந்த முகம் முகமாகத் தெரியும். எல்சிடியில் செங்கல் அடுக்கின மாதிரி இருக்கும்.

என் சம்பவம் வேறு. தொழிலில் இருபது வருடம் போன பிறகு எனக்கென்று ஒரு பெட்டி கட்டினேன். 21 இஞ்ச் கலர் டிவி ஒன்றைக் கழற்றி உள்ளே வைக்கும் வேலை. பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. முறைப்படி நீளமான ஸ்க்ரூ டிரைவரில் எர்த் வயரைக் கட்டி, ரப்பர் மூடிக்குக் கீழே விட்டு டிஸ்சார்ஜ் செய்தேன். 'பட்' என்று நீலமாக ஒரு பொறி வந்தது. சரி, தீர்ந்தது என்று டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து மூடியைக் கழற்ற விரலை வைத்தேன். என் கை என்னைக் கேட்காமலே பின்னால் பறந்து, முழங்கை பலகை விளிம்பில் இடித்துத் தோல் கிழிந்தது. குழாயின் கண்ணாடியே ஒரு கெப்பாசிட்டர். ஒரு தடவை இறக்கினாலும் மிச்சம் கொஞ்சம் மெதுவாக மேலே ஏறி வரும். ஓடும்போது அந்த இடத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். தொழில் தெரிந்த கைதான், அப்படியும் ஏமாந்தது.

முழங்கை வலி மூன்று நாளில் போய்விட்டது. அந்த நேரத்தில் என் பேரன் எனக்கு எதிரே, குழாய் மேல் கை வைக்கிற தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் இன்னும் போகவில்லை.

ஆசாரி மகள்

மாடியறை அண்ணா, உங்கள் மகள் முக்காலியைத் தள்ளி வைத்ததைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

நான் பிளைவுட்டில் கட்டினேன். 18 மில்லி, எட்டுக்கு நாலு ஷீட். அப்பா ஆசாரி, அதனால் பட்டறை, உளி, ஜிக்சா எல்லாம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கன்ட்ரோல் பேனலை ஒட்டாதே, போல்ட் போடு. கழற்ற வேண்டி வரும்." எனக்கு போல்ட் தலை வெளியே தெரிவது பிடிக்கவில்லை. ஃபெவிகால் தடவி, உள்ளிருந்து ஆணியும் அடித்துவிட்டேன். இரவெல்லாம் கிளாம்ப் போட்டு வைத்தேன். விளிம்பு அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது.

பெட்டி அகலம் 25 இஞ்ச். பேனல் இரண்டு பக்கமும் மூன்று மூன்று இஞ்ச் நீட்டிக்கொண்டு 31. ஆழம் 30. பட்டறைக் கதவு ஆறடி, பிரச்சினை இல்லை. வீட்டு அறைக் கதவு, நிலைக்குள் அளந்தால் 29. நேராகவும் போகவில்லை, படுக்க வைத்துத் திருப்பியும் போகவில்லை. மாமாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நிற்கிறார்கள். அப்பா உள்ளே போய் உளியும் சுத்தியலும் எடுத்துவந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒட்டின இடத்தில் உளியை வைத்து நெம்பினார். பிளைவுட்டின் மேல் அடுக்கு ஒரு சாண் அகலத்துக்குக் கிழிந்து, துணி கிழிகிற சத்தத்தோடு பேனலோடு வந்துவிட்டது. அந்தக் கிழிசல் மேல் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். இப்போது நான்கு போல்ட்டில் நிற்கிறது. கிழிந்த இடத்தில் மைக்கா ஒட்டி மறைத்திருக்கிறேன், ஆனால் தினமும் அங்கேதான் கண் போகிறது.

புதுக்கை

ஒரு சின்னக் கேள்வி. பட்டனுக்குத் துளை 28 மில்லியா, 30 மில்லியா? ஹோல் சா (வட்டத் துளை போடுகிற வாள்) வாங்கப் போகிறேன்.

மின்கம்பி

புதுக்கை, பட்டனைக் கையில் வாங்கி ஸ்கேல் வைத்து அளந்த பிறகு ஹோல் சா வாங்குங்கள். அமெரிக்க வகை, நட்டு போட்டு முடுக்குகிற பட்டன் என்றால் 28. ஜப்பான் வகை, அழுத்தினால் 'கிளிக்' என்று உட்காருகிறது என்றால் 30. ஸ்டார்ட் பட்டன் சில செட்டில் 24 வரும். நான் அளக்காமல் பதினான்கு துளையும் 28இல் போட்டுவிட்டு, பதினான்கையும் உப்புத்தாள் சுற்றிய குழாயால் இரவு இரண்டு மணி வரை தேய்த்தேன். ஏழாவது துளையில் எம்டிஎஃப் தூள் மூக்கில் ஏறி, விடிகிற வரை தும்மல். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் மெக்கானிக் சாருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்சிடி என்றால் ஆர்கேட் ஆகாது என்கிறீர்கள், அடுத்த பத்தியிலேயே படக்குழாய் உங்கள் முழங்கையைக் கிழித்ததைச் சொல்கிறீர்கள். முதல் முறை கட்டுகிறவர், வீட்டில் குழந்தை இருக்கிறவர், எல்சிடி போட்டது சரியான முடிவு. நீங்கள் சொன்ன அந்தக் கசிவு அழகு எனக்கும் பிடிக்கும், மறுக்கவில்லை. அதை ஓரளவுக்கு ஷேடர் (படத்தைப் பழைய டிவி மாதிரி மாற்றிக் காட்டுகிற மென்பொருள்) போட்டுக் கொண்டுவரலாம். எல்சிடியில் உண்மையான குறை தாமதம். பெரிய டிவியை வைத்தால் படத்தை மெருகேற்றுகிறேன் என்று அதுவே நேரம் எடுத்துக்கொள்ளும், பட்டன் அழுத்தினதற்கும் குதிப்பதற்கும் நடுவில் ஒரு மந்தம் தெரியும். டிவியில் கேம் மோட் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் கம்ப்யூட்டர் மானிட்டரே மேல்.

மாடியறை, கேட்காமலே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வருகிறதா பாருங்கள். வந்தால் பைக்கு மின்சாரம் போதவில்லை. செல்போன் சார்ஜரில் ஓட்டாதீர்கள். பை 3 என்றால் 5 வோல்ட் 2.5 ஆம்பியர், பை 4 என்றால் 3 ஆம்பியர் தருகிற அடாப்டர் வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும்போது சுவரில் உள்ள சுவிட்சை அணைக்கக் கூடாது. மெமரி கார்டு எழுதிக்கொண்டிருக்கிற நேரத்தில் மின்சாரம் போனால் கார்டு கெட்டுப்போகும். எல்லாம் செட் பண்ணி முடித்ததும் அந்தக் கார்டை அப்படியே இன்னொரு கார்டில் நகல் எடுத்து, பெட்டிக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.

பட்டனை நேராகப் பையின் பின்களில் இணைக்கிறவர்கள் கிரவுண்டு வயரைப் பட்டனுக்குப் பட்டன் மாலை மாதிரி கோத்துக்கொண்டு போகலாம், ஒன்றொன்றுக்கும் தனி வயர் வேண்டாம். ஆனால் நடுவில் ஒரு முனை கழன்றால் அதற்கப்புறம் உள்ள அத்தனை பட்டனும் சாகும். அதனால் மாலையின் கடைசி முனையையும் கொண்டுவந்து கிரவுண்டில் சேருங்கள். முனை கிளிப்பிலும் அளவு உண்டு. அமெரிக்க வகைச் சுவிட்சுக்குப் பெரும்பாலும் 4.8 மில்லி, ஜப்பான் வகைக்கு 2.8. மாற்றி வாங்கி இடுக்கியால் நசுக்கி மாட்டினால் இரண்டு வாரத்தில் ஆட ஆரம்பிக்கும்.

ஆட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற மேம் என்கிற மென்பொருள் 1997இலிருந்து இருக்கிறது, அது இலவசம். ஆனால் ஆட்டங்களின் உரிமை அதைச் செய்தவர்களிடம் இருக்கிறது. உரிமையாளர்களே இலவசமாக விட்ட சில ஆட்டங்கள் மேமின் தளத்திலேயே கிடைக்கும், ரோபி ரோட்டோ, கிரிட்லீ போன்றவை. பட்டன் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

பழைய டிவி மெக்கானிக்

மின்கம்பி, முழங்கை கிழிந்தது என் அவசரத்தால், குழாயால் அல்ல. ஆனால் குழந்தை உள்ள வீடு என்று நீங்கள் சொன்னது சரி. அதை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். படக்குழாய் வேண்டும் என்கிறவர்கள் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள், தனியாகத் திறக்காதீர்கள்.

மாடியறை தம்பி, குச்சியைப் பேனலிலிருந்து இறக்கி அடியைப் பாருங்கள். சதுர ஓட்டை உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். பல குச்சிகளில் அதைத் திருப்பி மாட்டலாம். 45 டிகிரி திருப்பினால் சதுரம் வைரம் மாதிரி நிற்கும். அப்போது மேல், கீழ், இடம், வலம் நான்கும் வைரத்தின் மூலைகளில் போய் உட்காரும், சாய்வாகத் தள்ளினால் தட்டு தடுத்துவிடும். உங்கள் குச்சி அந்த வகையாக இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

முஸ்தபா கடை

நான் கட்டியது மேசை மேல் வைக்கிற சின்னப் பெட்டி. இடம் இல்லை, அதனால்.

எங்கள் ஊர் வீடியோ கேம் கடையில் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்று யாரும் சொல்ல மாட்டோம். 'முஸ்தபா கேம்' என்றால்தான் தெரியும். 1993இல் கேப்காம் விட்டது, மூன்று பேர் சேர்ந்து ஆடலாம், அடிக்க ஒரு பட்டன், குதிக்க ஒரு பட்டன். நானும் என் நண்பனும் மாலையில் ஆளுக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டு ஓடுவோம். ஆட்டத்தில் வருகிற வீரர்களில் அவன் எப்போதும் முஸ்தபாவைத்தான் எடுப்பான்.

பெட்டி முடிந்ததும் அவனைத்தான் முதலில் வீட்டுக்குக் கூப்பிட்டேன். பார்த்து இருபது வருடத்துக்கு மேல். நாற்காலி போட்டேன், காலால் ஒதுக்கிவிட்டான். நின்றுகொண்டு, இடது கையை மல்லாத்தி, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் குச்சியைக் கீழிருந்து பிடித்தான். அந்தக் கடையில் அவன் ஒருத்தன்தான் அப்படிப் பிடிப்பான். நான் அதை மறந்தே போயிருந்தேன். மேசை உயரம் அவனுக்குப் பத்தாமல் முதுகை வளைத்துக்கொண்டு ஆடினான். முதல் டைனோசர் வந்ததும் பழைய வேகத்தில் ஒரு இழு இழுத்தான். பெட்டி மேசையில் அப்படியே வழுக்கி, சுவர் வரை போய் இடித்து, பின்னால் யூஎஸ்பி வயர் பிடுங்கிக்கொண்டு திரை நின்றுவிட்டது. அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கடைக்காரரிடம் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி, "நான் ஒண்ணும் பண்ணலடா" என்றான்.

நான் வயரைச் சொருகுவதற்குள் அவனுக்கு போன் வந்தது, கிளம்பிவிட்டான். அடுத்த நாளே அடியில் ரப்பர் பாதம் வைத்து, பின்பக்கத்தில் இரண்டு சி கிளாம்ப் போட்டு மேசையோடு முடுக்கிவிட்டேன். இப்போது ஆடுகிற உயரம் தரையிலிருந்து 38 இஞ்ச் வருகிற மாதிரி கீழே ஒரு ஸ்டாண்டு செய்துகொண்டிருக்கிறேன், நின்று ஆட. அடுத்த முறை அவன் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

ஆசாரி மகள்

முஸ்தபா கடை அண்ணா, ஸ்டாண்டையும் பெட்டியையும் ஒட்டாதீர்கள். போல்ட் போடுங்கள்.

மாடியறை

மெக்கானிக் சார், உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். தட்டு இருந்தது. நான்கு திருகு கழற்றி, 45 டிகிரி திருப்பி, மறுபடி மாட்டினேன். மேலே தள்ளினால் ஒரே 'டிக்'.

மகளைக் கூப்பிட்டு, "அன்னைக்கு நீ சரியாத்தான் தள்ளின, குச்சிதான் தப்பு, நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேனலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். தட்டைத் தொட்டுப் பார்த்தாள், சுவிட்சை ஒன்றொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்தாள். அப்புறம்தான் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். முதல் கட்டத்தை முடிக்க அரை மணி நேரம் ஆனது. இந்தத் தடவை நான் வாயே திறக்கவில்லை.

இப்போது புதிதாக ஒன்று. பெரியவனுக்கு, என் மகனுக்கு, முஸ்தபா கேம் வேண்டும். நாலு திசைத் தட்டில் சாய்வாக நடக்க முடியாது, குச்சி மறுக்கிறது. அவனுக்கு ஒரு தடவை திருப்பி வைக்க வேண்டும், இவளுக்கு ஒரு தடவை. இரண்டாவது ஆட்டக்காரர் குச்சியை எட்டுத் திசையிலேயே விட்டுவிட்டு அவனை அந்தப் பக்கம் நிறுத்தலாம் என்றால், இடது பக்கம்தான் வேண்டும் என்கிறான். இப்போதைக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரை நூலில் கட்டிப் பெட்டியின் பக்கவாட்டில் தொங்கவிட்டிருக்கிறேன். திருப்பி மாட்டுகிற வேலையை மகள் எடுத்துக்கொண்டாள்.