கதண்டு கொட்டி முகமே வீங்கிருச்சு, அடுத்த தடவை என்ன பண்றது?

மிளகுக்கொடி: ஏற்காட்டுல மிளகு பறிக்கறப்ப எங்க அத்தைய கதண்டு கொட்டிருச்சுங்க, கொட்டுனது கையில, ஆனா உதடு கண்ணெல்லாம் வீங்கி உடம்பு பூரா தடிப்பு, சுண்ணாம்பு தடவுனாங்க, இப்ப பரவால்ல. மறுபடி கொட்டுனா?

அஸ்தம்பட்டி: சுண்ணாம்பு வேணாங்க, தோல் வெந்துரும். சோப்பு போட்டு கழுவி ஐஸ் வைங்க. தேனீன்னா கொடுக்கு உள்ளயே நிக்கும், நகத்தால சுரண்டியோ எப்படியோ சட்டுனு எடுத்துரணும். கதண்டு கொடுக்கை உள்ள விட்டுட்டுப் போகாது, அதான் திரும்பத் திரும்ப கொட்டும்.

சேலம்நர்ஸ்: கொட்டாத இடம் வீங்குனா அது அலர்ஜி, அடுத்த தடவை இதவிட மோசமாகலாம், தயவுசெஞ்சு அலட்சியம் வேணாம். மூச்சு இழுப்பு, தொண்டை அடைப்பு, தலைசுத்தல் வந்தா 108 கூப்பிட்டு படுக்க வைங்க, மூச்சு திணறுனா உட்காரட்டும், நடக்க மட்டும் விடாதீங்க. செட்ரிசின் அரிப்புக்குத்தான், உயிரக் காப்பாத்தறது தொடையில போடற அட்ரினலின் ஊசி. அத ஏற்காடு ஜிஹெச்லயே கேளுங்க, சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கற வரைக்கும் தாங்காது. சரியானாலும் சில மணி நேரம் கழிச்சு திரும்ப வரலாம், அதனால அங்கயே இருக்கணும்.

மிளகுக்கொடி: பிரஷர் மாத்திரை போடறாங்க அக்கா, பிரச்சனையா?

சேலம்நர்ஸ்: சில பிரஷர் மாத்திரை இருந்தா அட்ரினலின் சரியா கேக்காதுப்பா. நீங்களா நிறுத்தாதீங்க, சீட்டோட டாக்டர்கிட்ட காட்டுங்க.