யோகெரெஸ் ஆர்சனலின் ஆட்டமுறைக்குப் பொருந்துவாரா?

பாளையங்கோட்டை வாசகர்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். 2025 ஜூலையில் இங்கிலாந்துக் கால்பந்து அணியான ஆர்சனலில் சேர்ந்த முன்கள வீரர் விக்டர் யோகெரெஸ், அதற்கு முந்தைய பருவத்தில் ஸ்போர்ட்டிங் அணிக்காகப் போர்ச்சுகல் லீக்கில் மட்டும் 39 கோல்கள் அடித்தவர். ஆர்சனலோ பந்தைத் தன்வசம் வைத்துப் பொறுமையாக முன்னேறும் அணி. திறந்த வெளியில் ஓடிப் பழகியவருக்கு அங்கே இடம் கிடைக்குமா? நம் வ.உ.சி. மைதானத்தில் மாலைதோறும் இதே விவாதம்தான்.

வண்ணார்பேட்டை வாசகர்:
உங்கள் ஐயம் நியாயமானது, அண்ணாச்சி. அவர் இடப்புறம் விலகிச் சென்று, தடுப்பாட்டக்காரரின் முதுகுப் பக்கம் விழும் பந்தை ஓட்டத்திலேயே வாங்கி, உடல் வலிமையால் தள்ளிக்கொண்டு நுழைபவர். எதிரணி பத்துப் பேரைப் பின்னால் குவித்துவிட்டால் அந்த ஓட்டத்திற்கு வழியே இருக்காது. ஆர்சனலின் மற்றொரு முன்கள வீரரான ஹாவர்ட்ஸ் கீழிறங்கி வந்து பந்தை இணைத்துக் கொடுப்பார். அந்த வேலையை யோகெரெஸிடம் எதிர்பார்ப்பது தவறு என்றே கருதுகிறேன். நடுக்கள வீரர் ஒடேகார்ட் பந்தைப் பெற்றவுடனேயே, பக்கவாட்டில் திருப்பாமல், முன்னோக்கி அனுப்பப் பழக வேண்டும்.

தென்காசி வாசகர்:
முன்கள வீரர் ஹாலண்ட் 2022இல் இன்னொரு இங்கிலாந்து அணியான மான்செஸ்டர் சிட்டிக்கு வந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. அந்தப் பருவத்தில் அவர் லீக்கில் 36 கோல்கள் அடித்தார், அணி மூன்று கோப்பைகளை வென்றது. யோகெரெஸ் பந்தைத் தொடாத நேரத்திலும் இரண்டு தடுப்பாட்டக்காரர்களைத் தன்னிடம் ஈர்த்து வைப்பார். அதனால் வலப்புறம் ஆடும் சாகாவுக்குக் கிடைக்கும் இடைவெளியையும் நாம் கணக்கில் சேர்க்க வேண்டும்.