பொறியியல் பீடத்தின் பெயரில் 'கணினியியல்' சேர வேண்டுமா?

நிலஅளவை:
எல்லாருக்கும் கடிதம் வந்திருக்கும். 'பொறியியல் பீடம்' என்பதை 'பொறியியல் மற்றும் கணினியியல் பீடம்' என்று மாற்றப் போகிறார்களாம், படிப்பவர்களும் முன்னாள் மாணவர்களும் மாதக் கடைசிக்குள் கருத்து சொல்ல வேண்டுமாம். நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். நான் சிவில். எங்கள் சர்வே லேபில் தியோடலைட் (நிலம் அளக்கக் கோணம் பார்க்கும் கருவி) பெட்டிகளின் மூடியில் வெள்ளை பெயின்டால் 'பொறியியல் பீடம்' என்று எழுதியிருக்கும். யாரோ ஒரு சீனியர் எழுதியது. இடம் போதாமல் கடைசி 'ம்' மட்டும் கீழே இறங்கியிருக்கும். அந்தப் பெட்டியைத் தோளில் சுமந்து வெயிலில் நடந்தவனுக்கு அந்தப் பெயர் வெறும் பலகை இல்லை.

பாசத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 'மென்பொருள் பொறியியல்' என்ற பெயர் பரவியதே 1968இல் ஜெர்மனியின் கார்மிஷில் நேட்டோ கூட்டிய மாநாட்டுக்குப் பிறகுதான். பாலமும் இயந்திரமும் கட்டுகிறவர்களிடம் இருந்த ஒழுங்கு நிரல் எழுதுகிறவர்களுக்கும் வேண்டும் என்றுதான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். பொறியியலுக்குள் தேடி வந்த துறையை இப்போது ஏன் ஒரு 'மற்றும்' போட்டு வெளியே நிறுத்துகிறோம்?

கம்பைலர்:
நிலஅளவை ஐயா, நீங்கள் சொன்னது மென்பொருள் பொறியியலுக்குச் சரி. ஆனால் நாங்கள் படித்தது அது மட்டும் இல்லையே. அல்காரிதம், கணக்கீட்டுக் கோட்பாடு, நிரல்மொழிகளின் இலக்கணம், இதெல்லாம் கணிதத்தின் வீட்டுப் பிள்ளைகள். இவற்றைப் பொறியியல் என்று அழைத்தால் பொறியியலுக்கும் மரியாதை இல்லை, எங்களுக்கும் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் துறை 1975இலேயே தன் பெயரோடு கணினி அறிவியலையும் சேர்த்துக்கொண்டது. அதனால் அங்கே மின்பொறியியல் குறைந்துபோய்விட்டதா?

என் அனுபவம் ஒன்று. முதல் வேலைக்குப் போன நேர்காணலில் என் சான்றிதழை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொறியியல் பீடம் என்று போட்டிருக்கிறது, கணினி எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார்கள். துறையின் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. விரல் வைத்துக் காட்டினேன். நான்கு வருடம் உழைத்ததை விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது, அந்த வலி எனக்கு இன்னும் போகவில்லை.

சுருள்வில்:
நானும் வேண்டாம் என்கிற பக்கம்தான், ஆனால் காரணம் வேறு. இன்றைய தொழில்நுட்பத்தைப் பெயரில் வைத்தால் நாளைக்கு அது பழசாகிவிடும். பிரிட்டனில் 1871இல் 'தந்திப் பொறியாளர்கள் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அன்றைக்குத் தந்திதான் எல்லாம். இருபது வருடம்கூட ஆகவில்லை, பெயரிலிருந்து தந்தியை எடுத்துவிட்டு மின்பொறியாளர்கள் சங்கம் ஆக வேண்டியதாயிற்று. 'கணினியியல்' போட்டால் அடுத்து உயிர்மருத்துவக்காரர்கள் கேட்பார்கள், அப்புறம் தரவு அறிவியல். எத்தனை 'மற்றும்' எழுதுவீர்கள்? 'பொறி' நல்ல பழைய சொல். சீவக சிந்தாமணியில் பறக்கும் மயிற்பொறி வருகிறது. அந்தச் சொல் தாங்காத இயந்திரமா?

கம்பைலர்:
சுருள்வில், உங்கள் உதாரணமே என் பக்கம் பேசுகிறது. தந்தியோடு நிற்காமல் அவர்கள் பெயரை மாற்றினார்கள் அல்லவா? அத்தோடும் நிற்கவில்லை, 2006இல் இன்னொரு அமைப்போடு இணைந்து 'பொறியியல் மற்றும் தொழில்நுட்ப' நிறுவனம் ஆனார்கள். நீங்கள் பயப்படுகிற அதே 'மற்றும்'. கணினி தந்தி மாதிரி ஒரு கருவி என்று நினைப்பதுதான் தவறு. கணினி போனாலும் கணக்கிடுவது போகாது.

வடிகால்:
மாற்றுவது என்று முடிவானால் பணம் வருகிற மாதிரி மாற்றலாமே? தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் பள்ளிக்கு 2004இல் 52 மில்லியன் டாலர் கொடுத்த விட்டெர்பியின் பெயரை வைத்தார்கள். ஹார்வர்டில் 2015இல் பால்சன் 400 மில்லியன் டாலர் கொடுத்தார், அங்கே பொறியியல் பள்ளி அவர் பெயரில் இருக்கிறது. நம் லேப்கள் இருக்கிற நிலையில் இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நிலஅளவை:
வடிகால், பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கட்டடத்துக்கு வைக்கட்டும், உதவித்தொகைக்கு வைக்கட்டும். பீடத்தின் பெயர் எல்லா மாணவர் சான்றிதழிலும் ஏறுகிறது. நாளைக்கு அந்த மனிதர் மேல் ஒரு வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவன் வேலை தேடிப் போகிற பையன்.

தரஆவணம்:
அங்கீகார வேலையில் சில வருடம் இருந்தவன் என்ற முறையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பெயர் மாறினால் வெளிநாட்டில் பட்டம் செல்லாது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அப்படி இல்லை. ஒருவர் நாட்டுப் படிப்பை மற்றவர் ஏற்றுக்கொள்ள 1989இல் ஆறு நாடுகள் தொடங்கிய வாஷிங்டன் உடன்படிக்கை அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் படிப்புகளைத்தான் பார்க்கிறது, பீடத்தின் பெயர்ப்பலகையை இல்லை. கணினிப் படிப்புகளுக்கென்றே 2008இல் சியோல் உடன்படிக்கை தனியாக வந்தது. அந்த வகையில் இரண்டும் வேறு துறை என்று கம்பைலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கீகாரக் குழு வந்தால் கேட்பது என்ன தெரியுமா? ஆசிரியர் எத்தனை பேர், லேப் எப்படி, மாணவர் செய்த புராஜெக்டை எடுத்து வா, மதிப்பெண் போட்ட விடைத்தாளைக் காட்டு. பெயரைப் பற்றி என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

இரண்டாமாண்டு:
நான் இப்போது கணினியியலில் படிக்கிறேன், அதனால் சொல்கிறேன். அண்ணா அக்கா எல்லாரும் பெயரைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் லேபில் ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். ஒருவர் டைப் பண்ண மற்றவர் பின்னால் நின்று பார்ப்போம், பாதி நேரத்தில் இடம் மாறிக்கொள்வோம். நெட்வொர்க் பாடத்துக்குச் சொந்த ஆசிரியர் இல்லாமல் பாதி செமஸ்டர் போனது. பெயரில் கணினியியல் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதை நம்பிச் சேர்ந்து வருகிற ஜூனியர் இதே லேபில் என் பின்னால் வந்து நிற்பானே, அவனிடம் என்ன சொல்வது?

கம்பைலர்:
தம்பி, இது எனக்குத் தெரியாது. நான் படித்தபோது ஆளுக்கொரு மெஷின் இருந்தது. பெயர் மாற வேண்டும் என்பதில் நான் மாறவில்லை, ஆனால் என் கருத்துக் கடிதத்தில் இப்போது வரிசையை மாற்றுகிறேன்: முதலில் ஆசிரியர் நியமனம், அடுத்தது லேப், அந்த இரண்டுக்கும் தேதியோடு உறுதி கொடுத்த பிறகு பெயர்.

சுருள்வில்:
அந்த வரிசை என்றால் எனக்குச் சண்டை இல்லை. 'மற்றும்' மட்டும் இன்னும் உறுத்துகிறது.

நிலஅளவை:
நான் 'வேண்டாம்' என்றுதான் எழுதப் போகிறேன் கம்பைலர் அம்மா, அதில் மாற்றம் இல்லை. ஆனால் உங்கள் வரிசையில் முதல் இரண்டை, ஆசிரியரையும் லேபையும், என் கடிதத்திலும் அப்படியே போடுகிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே கோரிக்கை போனால் அவர்களால் ஒதுக்க முடியாது. தம்பி, எந்தெந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எத்தனை மெஷின் வேலை செய்கிறது என்று எண்ணி இங்கே போடு. இன்றைக்கே போட்டால் நல்லது.