பின்பக்கம் உட்கார்ந்துபோன வேன்: அவரவர் அனுபவம்

எங்களுடையது 2008 மாடல் டெம்போ டிராவலர், 3350 வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3350 மி.மீ.). பள்ளி வேனாக ஓடியதை வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் நாங்களே பொருத்தினோம். இரண்டாம் வருஷம் இரவில் எதிரே வருகிறவர்கள் லைட்டை அடித்துக் காட்ட ஆரம்பித்தார்கள். நானோ டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். பின்பக்கம் இறங்கி மூக்கு தூக்கிக்கொண்டதால் வெளிச்சம் அவர்கள் கண்ணில் அடித்திருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியபோதுதான் நிஜமாகவே பயந்தேன். சின்னப் பள்ளத்துக்கே அச்சு மேலே போய் ரப்பர் ஸ்டாப்பரில் 'டொம்' என்று இடித்தது.

முதலில் போன ஒர்க்ஷாப்பில் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். ஆட்டம் குறைந்தது, உயரம் ஒரு விரல்கூட ஏறவில்லை. ஷாக்கின் வேலை ஆட்டத்தை அடக்குவது. எடையைச் சுமப்பது ஸ்பிரிங் பட்டைதான், அதாவது அச்சோடு அடுக்கிக் கட்டியிருக்கும் வளைந்த எஃகுத் தகடுகள். அது அப்போது எனக்குத் தெரியாது.

அப்புறம் நாமக்கல்லில் லாரிகளுக்குப் பட்டை வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் போனேன். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணிய நிரப்பி, சாமானெல்லாம் ஏத்தி, எடை மேடையில போட்டுட்டு வாங்க. பின்சக்கரம் மட்டும் தனியா ஒரு எடை எடுங்க" என்றார். எடை ரசீதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. என் 100 லிட்டர் டேங்க் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால், கதவை ஒட்டி இருந்தது. நெம்புகோல் கணக்கில் அந்த 100 கிலோ, பின் அச்சில் 130 கிலோவாக விழுகிறது. முன் அச்சிலிருந்து 30 கிலோவைத் தூக்கிவிடுகிறது. பேட்டரிகளும் அங்கேயேதான் இருந்தன.

பட்டைக் கட்டைப் பிரித்தபோது மூன்றாவது பட்டையில், சென்டர் போல்ட் துளையை ஒட்டி விரிசல். அதற்குப் புதுசு போட்டார். மற்றவற்றை உலையில் காய்ச்சி வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி இளஞ்சூடு காட்டி எடுத்தார். காய்ச்சாமல் பச்சையாகவே சுத்தியலால் தட்டி வளைத்துக் கொடுப்பவர்களும் உண்டு, அது சீக்கிரமே பழையபடி படிந்துவிடும் என்றார். கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கச் சொன்னேன். "மொதல்ல டேங்க முன்னாடி கொண்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று மறுத்துவிட்டார். டேங்கையும் பேட்டரியையும் அச்சுக்கு முன்னால், கட்டிலுக்கு அடியில் மாற்றினேன். சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் 5 செ.மீ. ஏறியிருந்தது. அந்தக் கூடுதல் பட்டை இன்றுவரை தேவைப்படவில்லை.

பட்டைக் கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யு போல்ட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழையதைத் திரும்பப் போடாமல் புதிதாகவே போடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். எனக்கு அரைச் சுற்று இறங்கியது.

*

எங்கள் மாருதி ஆம்னி வேனில் நாங்கள் நேர்மாறாகச் செய்தோம். எடை போடாமலே இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை சேர்த்தோம். உயரம் வந்தது. ஆனால் காலி வண்டியாக ஓட்டும்போது ஒவ்வொரு வேகத்தடையும் இடுப்பில் இறங்கியது. அம்மா பின்னால் உட்கார மறுத்துவிட்டார். ஆறு மாதத்தில் கழற்றிவிட்டோம்.

*

நான் லண்டனில் இருக்கிறேன். ஃபியட் டுகாட்டோவில் கட்டிய பழைய மோட்டார்ஹோம், பின்பக்கம் அச்சைத் தாண்டி நீளமாக நீண்டிருக்கும். சைக்கிள் ஸ்டாண்ட் மாட்டியதும் தொங்கிப்போனது. பட்டைக்குத் துணையாக ஏர் பேக் (காற்றடைத்த ரப்பர் பை) போட்டேன், நிமிர்ந்துவிட்டது. ஆனால் வண்டி நிமிர்ந்ததால் அதற்கு அனுமதித்த எடை கூடிவிடாது. 1997 ஜனவரி 1 முதல் இங்கே கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்குப் பொதுவாக 3500 கிலோதான் வரம்பு. என்னுடையது எடை மேடையில் 3,580 காட்டியது. சைக்கிள்களை இறக்கிவிட்டுத்தான் அந்தப் பயணம் போனோம். இன்னொன்று, பின்பக்க உயரத்தைப் பார்த்து பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள வண்டி என்றால், வண்டியைத் தூக்கிய பிறகு அதையும் செட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எடை குறைவு என்று எண்ணி பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

*

நாமக்கல் அண்ணா, பட்டை வேலை முடிந்ததும் ஹெட்லைட்டைத் தனியாக ஏதும் செய்தீர்களா?

*

செய்தேன் தம்பி. முன்பு ஒருத்தர் மூக்கு தூக்கியிருந்ததைப் பார்த்து லைட்டைக் கீழே இறக்கி வைத்திருந்தார். பின்பக்கம் ஏறியதும் வெளிச்சம் பம்பருக்கு முன்னாலேயே விழுந்தது. சுவருக்கு எதிரே சமதரையில், டேங்க் நிறைய தண்ணீரோடு நிறுத்தி, மறுபடி ஏற்றி வைத்தோம்.