தடிப்பு, வீக்கம், மன உளைச்சல்: கலைச்சொல் தேவை

வணக்கம். நோயாளர் கையேடு வெள்ளிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். மன நெருக்கடியின்போது தோலில் எழும் தடிப்புக்கும் உதடு, இமை வீங்குவதற்கும் ஒரு சொல் வேண்டும். வரைவில் 'மன ஒவ்வாமை' என்று இருக்கிறது. இருக்கலாமா?
– செ.

கூடாது. ஒவ்வாத பொருள் எதுவும் உள்ளே போகாமலே இது நிகழக்கூடும். நெருக்கடியில் நரம்பு முனைகள் விடும் வேதிப்பொருள்கள் தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் எனும் நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டலாம்; அவை ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்ட, நுண் இரத்தக்குழாய்கள் கசியும். கசிவு தோலின் மேலடுக்கில் நின்றால் தடிப்பு, ஆழத்தில் தேங்கினால் வீக்கம். ஒரு தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்தில் அடங்கும். வீக்கம் 72 மணி நேரம்கூட நிற்கும். ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும். தடிப்புக்குக் 'காணாக்கடி' இருக்கவே இருக்கிறது.
– இரா.

காணாக்கடி என்றால் படிப்பவர் பூச்சியைத் தேடுவார். உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதற்குத் தொல்காப்பியம் 'மெய்ப்பாடு' என்ற சொல்லைத் தந்திருக்கிறது. அது சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் உண்டு, வெகுளியும் உண்டு. பிரிவுத்துயர் தோலில் பசலையாகப் படர்வதைப் பாடிய மொழிக்குச் சொல் பஞ்சமா? 'மெய்ப்பாட்டுத் தடிப்பு' என்போம்.
– மு.

பசலை நிறமாற்றம், அதில் வீக்கம் ஏது? மெய்ப்பாடும் நோயன்று.
– இரா.

'மன அழுத்தம்' என்றும் எழுதாதீர்கள். பாதிப் பேர் அதை மனச்சோர்வுக்கு ஆள்கிறார்கள். 'உளைச்சல்' தெளிவு. ஆனால் புணர்த்தினால் 'உளைச்சற்றடிப்பு'. உளைச்சல் அற்றது என்று படிக்கும்! பிரித்தே எழுதுங்கள்.
– க.

பிரிக்கலாம். ஆனால் 'உளைச்சலால் வரும்' வேண்டாம். பலருக்கு உளைச்சல் தனிக் காரணமன்று, இருப்பதைக் கிளறிவிடுவது. 'ஒவ்வாமை'யையும் தலைப்பில் தொடாதீர்கள். ஆழத்தில் தேங்கும் வீக்கம், அதாவது ஆழ்வீக்கம், பரம்பரை நோயாகவும் வரும். அதில் கசியவைப்பது ஹிஸ்டமின் அன்று, பிராடிகினின் என்ற வேறொரு வேதிப்பொருள். அந்த நோயையும் உளைச்சல் தூண்டும். அரிப்போ தடிப்போ இருக்காது, ஒவ்வாமை மாத்திரை கேட்காது. பெயரை நம்பி மாத்திரை போட்டுக் காத்திருந்தால், தொண்டை வீங்கும்போது உயிருக்கே ஆபத்து. நாக்கோ தொண்டையோ வீங்கினால் உடனே அவசர சிகிச்சைக்குப் போகச் சொல்லித் தலைப்பின் கீழேயே எழுதுங்கள்.
– இரா.

நன்றி. 'உளைச்சல் தூண்டும் தடிப்பு', 'உளைச்சல் தூண்டும் ஆழ்வீக்கம்' என்று அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் காணாக்கடி. எச்சரிக்கையும் சேர்த்தாயிற்று.
– செ.

இவை தொடர்கள், கலைச்சொற்கள் அல்ல. வீங்குதலுக்கு 'அதைத்தல்' என்ற வினை இருக்கும்போது 'ஆழ்வீக்கம்' எதற்கு? 'உளையதைப்பு' என்பதை அடுத்த பதிப்புக்காகப் பதிந்து வைக்கிறேன்.
– மு.